போனெட்டுக்குள் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம்: எஞ்சின் பகுதியை வீட்டிலேயே பாதுகாப்பாகச் சுத்தம் செய்வது எப்படி?

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் தாமான்களிலும் தோட்டத்து லயன்களிலும் ஒரே காட்சிதான். வாசலில் காரை நிறுத்தி, ரப்பர் குழாயை இழுத்துப் போட்டு, கூரை முதல் சக்கரம் வரை தேய்த்துக் கழுவுவார்கள். வெளியே பளபளப்பு வந்ததும் சிலருக்குப் போனெட்டைத் திறக்கும் எண்ணமும் வரும். அதே குழாய் எஞ்சின் பக்கமும் திரும்பும். மறுநாள் காலையில் கார் உதறும். இல்லாவிட்டால் கிளம்பவே கிளம்பாது. ஊருக்குப் போக எடுத்து வைத்த பணத்தில் ஒரு பகுதி பட்டறைக்குப் போய்விடும்.

இதற்குப் பயந்து, வாங்கிய நாள் முதல் போனெட்டுக்குள் துணியே படாமல் ஓடும் கார்களும் நிறைய உண்டு. அதுவும் நல்லதல்ல. எஞ்சின் பகுதியைச் சுத்தம் செய்வது அழகுக்காக மட்டுமல்ல; கோளாறு கண்ணில் படுவதற்காக. அதற்குக் குழாய்த் தண்ணீர் தேவையில்லை. ஒரு தூரிகை, சில பழைய துணிகள், கொஞ்சம் பொறுமை போதும்.

அழுக்கு எதை மறைக்கிறது?

எஞ்சினில் எண்ணெய் கசிந்தால் அது அங்கேயே படியும். செம்மண் சாலையின் தூசி அதன்மேல் ஒட்டும். நாளாக ஆக இரண்டும் சேர்ந்து கறுத்த பசையாக இறுகிவிடும். பிறகு எந்த இடத்திலிருந்து கசிகிறது என்பதே தெரியாது. எஞ்சினின் மேல் மூடிக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் காய்ந்து கசிவது பழைய கார்களில் சாதாரணம். தொடக்கத்திலேயே பார்த்துவிட்டால் அது சிறிய வேலை. பார்க்காமல் விட்டால், எண்ணெய் சூடான புகைக்குழாயின் மேல் சொட்டும். முதலில் தீய்ந்த வாடை வரும், பிறகு புகை வரும். காய்ந்த இலையோ எலிக்கூடோ பக்கத்தில் இருந்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு எலி இன்னொரு தொல்லை. செம்பனைப் பழத்தைத் தின்னும் எலிகளைக் கட்டுப்படுத்த, கூகைகளுக்குப் பெட்டிக்கூடு வைத்து வளர்ப்பது நம் நாட்டுத் தோட்டங்களில் வழக்கம். அவற்றுக்கும் தப்பிய எலிகள் இரவில் சூடு தேடிப் போனெட்டுக்குள் ஏறுகின்றன. கூடு கட்டுகின்றன, வயரைக் கடிக்கின்றன. மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பவர் கண்ணில் புழுக்கையாவது படும். பார்க்காதவருக்குக் கார் நின்ற பிறகுதான் தெரியும்.

குழாய்த் தண்ணீர் ஏன் கூடாது?

மழையில் ஓடும் கார் தண்ணீருக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்கலாம். மழையில் எஞ்சினுக்கு வருவது சாலையிலிருந்து தெறிக்கும் நீர். மின் இணைப்புகளின் ரப்பர் வளையங்கள் அந்த அளவைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. வீடுகளில் பயன்படுத்தும் அழுத்தக் குழாய் இயந்திரமோ 100 பார் அழுத்தத்திலும் அதற்கு மேலும் நீரைப் பீய்ச்சக்கூடியது. அந்த வேகத்தில் நீர் ரப்பர் வளையத்தைத் தாண்டி உள்ளே புகுந்துவிடும். புகுந்த நீர் எளிதில் வெளியே வராது.

ஸ்பார்க் பிளக் அமர்ந்திருக்கும் குழி, அதன் மேலுள்ள கொயில், பேட்டரிக்கு மின்னூட்டும் ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, காரின் கணினி, காற்று வடிகட்டியின் வாய் ஆகியவை அதிகம் பாதிக்கப்படும் இடங்கள். பிளக் குழியில் நீர் தேங்கினால் எஞ்சின் உதறும். பழைய சாகா இஸ்வாரா போன்ற கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இறங்கினாலே எஞ்சின் கிளம்பாது. சில கார்களில் பாதிப்பு உடனே தெரியாது. இணைப்பின் உள்ளே பச்சை பிடித்து, சில மாதங்கள் கழித்துக் கோளாறு காட்டும்.

வேலையைத் தொடங்கும் முன்

கார் ஓடி நின்று குறைந்தது இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் செய்வது இன்னும் நல்லது. நிழலான சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சாவியைக் கையோடு எடுத்துவிட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைக்கவும்.

அடுத்து பேட்டரி. கறுப்பு நிற நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். இந்த வரிசை மாறி, பாசிட்டிவ் முனையில் இருக்கும் ஸ்பேனர் காரின் இரும்பில் பட்டால் தீப்பொறி பறக்கும். பேட்டரியைக் கழற்றினால் கடிகாரமும் வானொலி அலைவரிசைகளும் அழிந்துபோகலாம். வானொலிக்கு ரகசிய எண் கேட்கும் காராக இருந்தால், அந்த எண்ணை முன்கூட்டியே தேடி வைத்துக்கொள்ளவும்.

ஹைபிரிட் கார்களிலும் மின்சாரக் கார்களிலும் ஆரஞ்சு நிற வயர்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. அவற்றைத் தொட வேண்டாம். அந்தக் கார்களைப் பயிற்சி பெற்றவர்களிடம் விடுவதே நல்லது.

துடைக்கும் முறை

முதல் வேலை, கைப்பேசியில் நான்கைந்து படங்கள் எடுப்பது. எங்கே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது, எங்கே குளிர்நீர் காய்ந்த தடம் இருக்கிறது, எந்த வயர் கடிபட்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. துடைத்த பிறகு அந்தச் சாட்சி போய்விடும்.

அடுத்து, காய்ந்த குப்பை. கண்ணாடித் துடைப்பானுக்குக் கீழே தேங்கும் இலைகளைக் கையால் அள்ளி எடுக்கவும். அங்குள்ள நீர்வழி அடைத்தால் மழைநீர் காருக்குள் இறங்கும். மற்ற இடங்களில் உள்ள தூசியைப் பழைய பெயிண்ட் தூரிகையால் தட்டி எடுக்கலாம்.

எலிப் புழுக்கையோ கூடோ இருந்தால் கவனம் தேவை. எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல், உயிரைப் பறிக்கக்கூடியது. மலேசியாவில் 2010 முதல் அது கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. ஆகவே கையுறையும் முகக்கவசமும் அணியவும். காய்ந்த புழுக்கையைப் பெருக்கவோ ஊதவோ கூடாது. ஒரு பங்கு குளோரோக்ஸ் போன்ற வெளுப்புத் திரவத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, அதில் நனைத்த துணியை அந்த இடத்தின் மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்து, பிறகு வழித்தெடுக்கவும். வெளுப்புத் திரவம் இரும்பை அரிக்கும் என்பதால் உடனே ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். மின் இணைப்புகளில் அது படக்கூடாது. வேறு எந்தச் சுத்திகரிப்புத் திரவத்துடனும் அதைக் கலக்கவும் கூடாது.

எண்ணெய்ப் பிசுக்குக்கு, நீரில் கரையும் டிகிரீசர் வாங்கிக்கொள்ளலாம். லேசான அழுக்குக்குப் பாத்திரம் கழுவும் திரவத்தில் சில துளிகளை ஒரு கிண்ணம் நீரில் கலந்தாலே போதும். திரவத்தை எஞ்சின் மேல் தெளிக்காமல் துணியில் தெளிக்க வேண்டும். பிழிந்த துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்து, சுத்தமான ஈரத் துணியால் மறுபடி துடைத்து, உலர்ந்த துணியால் முடிக்கவும். இடுக்குகளுக்குப் பழைய பல்துலக்கி உதவும்.

பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பச்சோடாவைக் கரைத்து, பல்துலக்கியால் தொட்டுத் தேய்க்கவும். நுரைத்து அடங்கியதும் துடைத்து விடலாம். பேட்டரியின் துளைகளுக்குள் அந்த நீர் இறங்கக்கூடாது.

பழைய பழக்கம் ஒன்று

மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் ஆகியவற்றில் தூரிகையை நனைத்து எஞ்சினைத் தேய்ப்பது இன்றும் சில இடங்களில் உண்டு. பிசுக்கு போவது உண்மைதான். ஆனால் பெட்ரோல் ஆவிக்கு ஒரு சிறு பொறி போதும். டீசலும் மண்ணெண்ணெயும் ரப்பர் குழாய்களையும் பெல்ட்டையும் உப்பவைத்துக் கெடுத்துவிடும். ரப்பரைப் பளபளப்பாக்கும் திரவத்தையும் பெல்ட்டின் மேல் தடவக்கூடாது, வழுக்கும். எண்ணெய்த் துணிகளை நெகிழிப் பையில் கட்டிக் குப்பையில் போடவும். எண்ணெய் கலந்த நீரைக் கால்வாயில் ஊற்றினால் அது ஆற்றில்தான் போய்ச் சேரும்.

வெள்ளத்தில் மூழ்கிய காருக்கு இந்த முறை பொருந்தாது. அப்படிப்பட்ட காரின் எஞ்சினைக் கிளப்பியே பார்க்கக் கூடாது. சிலிண்டருக்குள் நீர் இருந்தால் உள்ளிருக்கும் கம்பிகள் வளைந்துவிடும். இழுவை வண்டியில் பட்டறைக்குக் கொண்டு போவதே வழி.

முடித்த பிறகு

போனெட்டைத் திறந்தபடி ஒரு மணி நேரம் காயவிடவும். உள்ளே துணியோ தூரிகையோ கிடக்கிறதா என்று எண்ணிப் பார்த்து எடுக்கவும். மறந்து விட்ட துணி புகைக்குழாயில் பட்டால் எரியும். பிறகு பேட்டரியை மாட்டி, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, உதறுகிறதா, எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று கவனிக்கவும்.

ஒரு வாரம் ஓட்டிய பின் டார்ச்சுடன் மறுபடியும் போனெட்டைத் திறக்க வேண்டும். துடைத்த இடத்தில் புதிதாக எண்ணெய் பூத்திருந்தால், கசிவு அங்கேதான். அந்தப் படத்தைப் பட்டறையில் காட்டினால் வேலை எங்கே என்று அவர்கள் தேட வேண்டியதில்லை; தேவையில்லாத செலவும் குறையும். பெருநாளுக்கு ஊர் போகும் முன் இரண்டு வாரம் இருக்கும்போதே இதைச் செய்துவிட்டால், நெடுஞ்சாலை ஓரத்தில் குடும்பத்தோடு காத்து நிற்கும் நிலையைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.