விதைக்கு முன் வாளி

2022 ஏப்ரல் கடைசியில் சென்னை பெருங்குடி குப்பைக் கிடங்கு பற்றிக்கொண்டது. தீயணைப்பு வண்டிகள் நாள்கணக்கில் போராடின. சுற்றுவட்டாரமே புகையில் மூச்சுத் திணறியது. அவ்வளவு தண்ணீர் அடித்தும் தீ ஏன் லேசில் அடங்கவில்லை? மலையாகக் குவிந்த குப்பைக்குள் காற்று புகாது. காற்றில்லாத இடத்தில் காய்கறித் தோலும் மீந்த சோறும் மக்காமல் அழுகும். அழுகினால் மீத்தேன் வரும். அது எரிகிற வாயு. எரியாமல் வானத்துக்குப் போனாலும் கேடுதான். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் ஏறக்குறைய 28 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாகப் பூமியைச் சூடாக்கும்.

அதே தோலை மொட்டை மாடியில் ஓட்டை போட்ட வாளிக்குள் போட்டு, காற்றுப் படும்படி கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் எரு. மாடித்தோட்டம் என்றதும் எல்லோரும் விதைப் பொட்டலத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆசையாக நட்ட தக்காளி முதல் ஈடு காய்த்ததோடு சுணங்கிப்போகும். பூச்சியைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குறை தொட்டி மண்ணில் இருக்கும். நிலத்துச் செடி வேரை நீட்டிச் சத்தைத் தேடிக்கொள்ளும். தொட்டிச் செடிக்கு நாம் வைத்ததுதான் சாப்பாடு. அதனால் முதலில் எரு, பிறகு செடி என்பதே சரியான வரிசை.

எரு தயாரிப்பது நுண்ணுயிர்கள். அவற்றுக்கு உழைக்கத் தெம்பு தருவது கரிச்சத்து, உடம்பு வளர்வதற்குத் தழைச்சத்து. ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரி இருந்தால் வேலை சுறுசுறுப்பாக நடக்கும். சமையலறைக் கழிவில் தழைச்சத்தும் ஈரமும் கூடுதல், கரி குறைவு. காய்ந்த சருகில் கரிதான் அதிகம். ஆகவே ஒரு கை ஈரக் கழிவு போட்டால் அதன்மேல் ஒரு கை சருகு. சருகு கொஞ்சம் கூடினாலும் மோசமில்லை, குறையத்தான் கூடாது. தெருவில் பெருக்கி எரிக்கிற வேப்பஞ்சருகைக் கேட்டு வாங்கி ஒரு சாக்கில் கட்டி வைத்துக்கொள்ளலாம். சருகு கிடைக்காத அடுக்குமாடிக்காரர்களுக்குத் தென்னைநார்க் கழிவும் கிழித்த செய்தித்தாளும் உதவும்.

இருபது லிட்டர் பெயின்ட் வாளி போதும். அடியிலும் பக்கத்திலும் கம்பியைச் சுட்டு ஓட்டை போட்டு, இரண்டு செங்கல் மேல் உட்கார வைத்து, அடியில் நான்கு விரல் உயரத்துக்குச் சருகு பரப்ப வேண்டும். புளித்த மோர் ஒரு குவளையோ பழைய எரு ஒரு பிடியோ தெளித்தால் வேலை சீக்கிரம் சூடுபிடிக்கும். காய்த் தோல், பழத் தோல், வாடிய பூ, டீத்தூள் எல்லாம் போகலாம். டீத்தூளில் சர்க்கரை இருந்தால் அலசிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு வரிசை கட்டும். மீன், இறைச்சி, எண்ணெய்ப் பண்டங்கள் வேண்டாம். எலியும் நாற்றமும் அவற்றால்தான் வரும். மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை கிளறல். வாளி நிறைந்ததும் மூடி ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வாளி. மூன்று வாளி இருந்தால் சுழற்சி தடைபடாது.

ஈரம் சரியா என்று பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கள். கையில் ஈரம் ஒட்ட வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் சருகு, உதிர்ந்தால் தண்ணீர். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் உள்ளே காற்று போகவில்லை. கிளறிச் சருகு சேருங்கள். மூக்கைக் குத்தும் அம்மோனியா வாடை வந்தால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது. அதற்கும் மருந்து சருகுதான். கொழுத்த சாம்பல் நிறப் புழுக்கள் நெளிவதைப் பார்த்துப் பலர் வாளியையே தெருவில் கொட்டிவிடுகிறார்கள். அவை கருப்புப் படைவீரர் ஈ எனப்படும் ஈயின் புழுக்கள். கழிவை நம் நுண்ணுயிர்களைவிட வேகமாகத் தின்று தீர்க்கும். வளர்ந்த ஈக்கு வீட்டு ஈயைப்போலச் சாப்பாட்டில் மொய்க்கும் பழக்கமும் கிடையாது. பார்க்கச் சகிக்காது, அவ்வளவுதான்.

இந்த வித்தையை முறைப்படுத்தி உலகத்துக்குச் சொன்ன ஊர் இந்தூர். ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை அங்கே நடத்திய ஆய்வுகளில், செடிக் கழிவையும் சாணத்தையும் அடுக்கடுக்காகப் போட்டுக் கிளறி எருவாக்கும் முறை உருவானது. யஷ்வந்த் வாட் என்ற இந்திய வேதியியலாளரும் அவருடன் சேர்ந்து 1931-இல் அதைப் புத்தகமாக்கினார். இன்றும் இந்தூர் முறை என்றே அதற்குப் பெயர்.

இந்தூர்க் குவியலுக்கும் நம் வாளிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. குவியல் பெரிதாக இருந்தால் உள்ளே சூடு 55 டிகிரியைத் தாண்டும். நோய்க் கிருமியும் களை விதையும் வெந்துபோகும். இருபது லிட்டர் வாளியில் அந்தச் சூடு நிற்காது. எருவைத் தொட்டியில் போட்ட பத்தாம் நாள், நீங்கள் விதைக்காத தக்காளியும் பூசணியும் எட்டிப் பார்ப்பது இதனால்தான். அது தொல்லையில்லை, பிடுங்கி வேறு தொட்டியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நோய் விழுந்த செடியை வெட்டி அதே வாளியில் போடாதீர்கள். நோய் எருவோடு திரும்பி வரும்.

எரு கறுத்து, உதிரியாகி, மழை பெய்த மண் வாசனை வந்தால் பதம். போட்டது தோலா இலையா என்று அடையாளம் தெரியக் கூடாது. பாதி மக்கியதை அவசரப்பட்டுச் செடிக்கு வைத்தால், மீதி மக்குவதற்கு வேண்டிய தழைச்சத்தை நுண்ணுயிர்கள் செடியிடமிருந்தே பிடுங்கிக்கொள்ளும். இலை மஞ்சளாகும்.

தொட்டிக்கு வெறும் எரு ஆகாது. செம்மண், தென்னைநார்க் கழிவு, எரு மூன்றும் சம பங்கு, கூடவே ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. தென்னைநார்க் கழிவுக் கட்டியை ஊறவைத்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டு மூன்று தடவை அலசுங்கள். அதில் உப்பு உண்டு. நாற்றின் வேர் நுனி கருகிவிடும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தளை எனப்படும் தொகுப்பிலும் இந்தக் கட்டி இருக்கும்.

எடைக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். யாரும் இதைச் சொல்வதில்லை. ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள வட்டமான செடிப் பையில் ஏறக்குறைய 21 லிட்டர் மண் பிடிக்கும். அது முழுக்கத் தோட்டத்து மண்ணாக இருந்து நனைந்தால் சுமார் 35 கிலோ. ஒரு சதுர மீட்டரில் இடைவெளி இல்லாமல் பத்துப் பை அடுக்கினால் 350 கிலோ. ஆட்கள் புழங்கும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் எடுத்துக்கொள்ளும் சுமையோ சதுர மீட்டருக்கு 150 கிலோதான். தென்னைநார்க் கழிவு கலந்தால் பையின் எடை ஏறத்தாழ 20 கிலோவாகும். அப்போதும் சதுர மீட்டருக்கு ஆறுக்கு மேல் வேண்டாம். கனமான தொட்டிகளைச் சுவருக்கும் உத்திரத்துக்கும் நேர் மேலே வரிசையாக வையுங்கள். பழைய கட்டடமென்றால் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட்டு ஆரம்பிப்பது புத்திசாலித்தனம்.

இனி செடி. மாடித்தோட்டம் காய்கறிச் செலவைப் பாதியாக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெண்டைச் செடி விதைத்து ஒன்றரை மாதத்தில் காய்க்கும், ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும். நாலு பேருக்கு ஒரு வேளைப் பொரியல் வேண்டுமென்றால் பத்துப் பன்னிரண்டு செடி வேண்டும். உருளையும் வெங்காயமும் தொட்டியில் வைப்பது வீண் வேலை. லாபம் கீரையிலும் வாசனை இலைகளிலும்தான். சிறுகீரையை ஒரு மாதத்துக்குள் பிடுங்கலாம். அரைக்கீரை வெட்ட வெட்டத் துளிர்க்கும். கடைக் கட்டில் இலை உருவிய புதினாத் தண்டை ஈர மண்ணில் செருகினாலே போதும். கொத்தமல்லி முளைக்கவில்லை என்பவர்கள் முழுத் தனியாவாகவே தூவியிருப்பார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு விதை இருக்கிறது. செருப்புக் காலாலோ பூரிக் கட்டையாலோ லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துத் தூவ வேண்டும். தக்காளியைக் கோடையில் முயல வேண்டாம். இரவிலும் புழுக்கம் குறையாத மே மாதத்தில் பூவெல்லாம் உதிரும், பிஞ்சு நிற்காது. அக்னி நட்சத்திரத்தில் மிச்சச் செடிகளுக்கும் பாதி வெயிலை மறைக்கும் பச்சை நிழல் வலை தேவைப்படும்.

கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. எலுமிச்சை இலையில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சி இதிலும் இடும். இலைமேல் காக்கை எச்சம்போல் கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒட்டியிருந்தால் துடைக்கப் போகாதீர்கள், உற்றுப் பாருங்கள். புழு அது. வளர்ந்ததும் பச்சை நிறத்துக்கு மாறிவிடும். விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு சிவந்த கொம்பை நீட்டி ஒரு நெடியை விடும். எறும்பையும் குளவியையும் விரட்டும் ஆயுதம் அது, நம்மை ஒன்றும் செய்யாது. சின்னச் செடியென்றால் இரண்டு புழு சேர்ந்து மொட்டையடித்துவிடும், எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். பெரிய செடியில் விட்டுவைக்கலாம். மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல். மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும்.

முட்டை ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தக்காளியின் அடியில் கறுப்புத் தழும்பு வந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறை, முட்டை ஓட்டை நொறுக்கிப் போடு என்று செல்போனில் வரும் வீடியோக்கள் சொல்கின்றன. குறை உண்மைதான். ஆனால் ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும், அந்தத் தழும்புக்கு உதவாது. சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடுதான் காய்க்குப் போகும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றினால் மண்ணில் இருக்கும் சத்தும் காய்க்கு எட்டாது. தினமும் அளவாக ஊற்றுங்கள், தழும்பு நின்றுவிடும்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பவர்கள் வாரம் ஒரு முறையாவது அதைக் கவிழ்த்துத் தேய்த்துக் காயவையுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த தேக்க நீரில்தான் முட்டையிடும். பத்து நாளுக்குள் முட்டை கொசுவாகிவிடும். உங்கள் மாடிக் கொசு பக்கத்து வீட்டுக் குழந்தையையும் கடிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

இத்தனையும் செய்ய ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும். நாலு பேர் வீட்டில் தினமும் ஏறக்குறைய ஒரு கிலோ ஈரக் கழிவு சேர்கிறது. மக்கிச் சுருங்கினால் கால் கிலோ எரு. சித்திரையில் வாளி வைத்தால் ஆடிப்பட்டத்துக்கு முதல் சில தொட்டிகளில் கலக்கும் அளவுக்கு எரு கையில் இருக்கும். விதை வாங்க அப்போது போனால் போதும்.