மூன்று வயதில் எழுத்தா, விளையாட்டா?

புது தில்லி: குளிர்காலம் வந்தால் தலைநகரில் நர்சரி சேர்க்கைப் பரபரப்பும் வந்துவிடும். வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான தூரம், அங்கு படிக்கும் உடன்பிறந்தோர் எனப் பலவற்றுக்கும் புள்ளிகள் வழங்கிப் பள்ளிகள் பட்டியல் வெளியிடுகின்றன. இடம் கிடைத்த பிறகுதான் பெற்றோருக்கு உண்மையான தயக்கம். சில மாதங்களில் எழுதப் படிக்க வைப்பதாகக் கூறும் பள்ளியா, ஆடிப் பாடிப் பிற குழந்தைகளுடன் பழகவிடும் பள்ளியா?

நிபுணர்களின் விடையில் ஐயமில்லை. நர்சரி சேர்க்கைக்குத் தேர்வும் நேர்காணலும் கூடாது என்று பேராசிரியர் யஷ்பால் குழு 1993-லேயே கூறியது. அடித்தள நிலைக்காக 2022-ல் வெளியான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, 3 முதல் 6 வயது வரை குழந்தைகளுக்குப் பாடநூலே வேண்டாம் என்கிறது. பென்சிலைப் பிடிக்க விரல்கள் பழகாத வயது அது. தன் முறைக்காகக் காத்திருப்பது, பொம்மையைப் பகிர்வது, மனதில் பட்டதைச் சொல்வது ஆகியவையே அப்போதைய பாடங்கள். கதையும் பாட்டும் கேட்டு வளரும் குழந்தைக்கு எழுத்து பின்னர் எளிதாகிறது.

ஆயினும் வீட்டுப்பாட நோட்டுகள் ஓயவில்லை. பக்கம் நிறைந்த நோட்டு பெற்றோர் கண்ணுக்குத் தெரிகிறது. விளையாட்டில் கற்றது தெரிவதில்லை. கட்டணம் செலுத்துவோர் கண்ணால் காணக்கூடிய பலனை எதிர்பார்க்கின்றனர். பள்ளிகளும் அதையே வழங்குகின்றன.

இதில் நாடாளுமன்றத்துக்கும் பொறுப்பு உண்டு. அரசியல் சட்டத்தின் 45-வது பிரிவு, 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி வழங்க முயலுமாறு தொடக்கத்தில் அரசைப் பணித்தது. 2002-ல் நிறைவேறிய 86-வது திருத்தம் அடிப்படை உரிமையை 6 முதல் 14 வயதுக்கு மட்டும் அளித்தது. ஆறு வயதுக்கு உள்பட்டோர் வெறும் வழிகாட்டு நெறிக்குள் நிறுத்தப்பட்டனர். 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டமும் அவர்களுக்கான முன்பருவக் கல்வியை அரசுகளின் விருப்பத்துக்கே விட்டது. நலிவுற்ற பிரிவினருக்கான 25 சத இடங்கள் நீங்கலாக, நர்சரி சேர்க்கைக்கு அச் சட்டம் பொருந்தாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்தது.

விளைவு, கொள்கை விளையாட்டைப் பரிந்துரைக்கிறது. சந்தை எழுத்தை விற்கிறது. சட்டமோ ஒதுங்கி நிற்கிறது. வசதி படைத்தோருக்காவது பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உண்டு. 1975-ல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தை நம்பியிருக்கும் ஏழைக் குழந்தைக்கு அதுவும் இல்லை. மூன்று வயதுக் குழந்தையின் விளையாட்டு உரிமையா, சலுகையா என்பதை நாடாளுமன்றமே தீர்மானிக்க வேண்டும்.