மண் கணக்குக்கு ஏன் இத்தனை ஆண்டுகள்?

உங்கள் கையில் இரண்டு மண் வள அட்டைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய அட்டையில் அங்ககக் கரிமம் (மக்கிய தழை, சாணம், வேர் ஆகியவற்றால் மண்ணில் சேரும் கரி) 0.46 சதவீதம். புதிய அட்டையில் 0.42. 'மண் கெட்டுப்போகிறதா?' என்று மனம் பதறும். பதறும் முன், மண்ணை நூறு ஆண்டுகளுக்கு மேலாக அளந்துவரும் சில வயல்களைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

அவை எங்கே இருக்கின்றன? இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 'பிராட்பாக்' என்ற வயலில் 1843 முதல் கோதுமை விளைகிறது. அதில் ஒரு பகுதிக்கு அன்று முதல் எந்த உரமும் கிடையாது. இன்னொரு பகுதிக்கு ஆண்டுதோறும் தொழு உரம். மற்றவற்றுக்கு வெவ்வேறு ரசாயன உரங்கள். நம் கோயம்புத்தூரிலும் 1909இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை உண்டு. 1970இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமம் இத்தகைய வயல்களைப் பல மாநிலங்களில் அமைக்கத் தொடங்கியது.

இரண்டு மூன்று ஆண்டு பார்த்தால் போதாதா? போதாது. ஒரு கணக்குப் போடுவோம். ஓர் ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண் மட்டும் சுமார் 900 டன் எடை இருக்கும். நீங்கள் 5 டன் தொழு உரம் போடுகிறீர்கள். அதில் ஏறக்குறைய பாதி ஈரம். மீதியில் உள்ள கரியிலும் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் ஓரிரு ஆண்டுகளில் தின்று காற்றில் விட்டுவிடும். எஞ்சும் சிறு பங்கை 900 டன் மண்ணுக்குள் ஒரே ஆண்டில் அளந்து காட்டுவது கடினம். பிராட்பாக்கில் ஏக்கருக்குச் சுமார் 14 டன் தொழு உரம் ஆண்டுதோறும் போட்டார்கள். அங்கே கரிமம் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது உண்மைதான். அதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

அட்டையில் வரும் 'கிடைக்கும் மணிச்சத்து' என்றால் என்ன? மண்ணில் உள்ள மணிச்சத்து முழுவதும் வேருக்குக் கிடைப்பதில்லை. பெரும்பகுதி இறுகிக் கிடக்கும். அதனால் ஆய்வகத்தில் ஒரு கரைசலை ஊற்றிக் குலுக்கி, அதில் கரைந்து வருவதை அளக்கிறார்கள். நம் பகுதிக் கார மண்ணுக்கு ஓல்சன் முறை (சோடியம் பைகார்பனேட் கரைசலால் அளப்பது) வழக்கம். கரைசலை மாற்றினால் எண்ணும் மாறும், மண் மாறியிருக்காது.

கரிமத்துக்கும் இதே சிக்கல் உண்டா? உண்டு. வழக்கமான வாக்லி-பிளாக் முறை (ரசாயனத்தால் கரியை எரித்து அளப்பது) மண்ணில் உள்ள கரியில் ஏறக்குறைய முக்கால் பங்கைத்தான் பிடிக்கும். அதற்காகச் சில ஆய்வகங்கள் எண்ணைக் கூட்டித் தருகின்றன. சில அப்படியே தருகின்றன. மண்ணைச் சூளையில் எரித்து அளக்கும் கருவி, சுண்ணாம்பில் உள்ள கரியையும் சேர்த்துக் காட்டிவிடலாம். சுக்கான் மண் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீண்டகால வயல்களில் முறையை மாற்ற நேர்ந்தால், பழைய மாதிரிகளையும் புதிய முறையில் அளந்து ஒப்பிட்ட பிறகே மாற்றத்தைப் பேச முடியும்.

இத்தனை ஆண்டு அளந்ததில் நமக்கு என்ன கிடைத்தது? முதல் பாடம்: தழைச்சத்து மட்டும் போட்டால் நிலம் தாங்காது. பாலம்பூர், ராஞ்சி போன்ற இடங்களின் புளிப்பு மண்ணில், தழைச்சத்து மட்டும் பெற்ற பாத்திகளில் அமிலம் ஏறி, விளைச்சல் அடியோடு சரிந்தது. 'என் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதே' என்பீர்கள். அமிலத்தை அது தடுக்கும். ஆனால் பயிர் எடுத்துச் சென்ற மணிச்சத்தையும் சாம்பல் சத்தையும் சுண்ணாம்பு திருப்பித் தராது. யூரியா மட்டும் போடுகிறவர் நினைவில் வைக்க வேண்டியது இது.

இரண்டாவது பாடம்: மூன்று சத்துகளையும் அளவோடு போட்டு, தொழு உரமும் சேர்த்த பாத்திகளே பெரும்பாலான இடங்களில் நிலையான விளைச்சல் தந்தன.

மூன்றாவது: பயிர் எடுப்பதற்கு மேல் ஆண்டுதோறும் போடும் மணிச்சத்து மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். ஓல்சன் முறையில் எக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் இருந்தால் 'அதிகம்' என்று நம் ஆய்வகங்கள் குறிக்கும். அப்படி வந்தால் வேளாண் அலுவலரிடம் கேட்டு டிஏபியைக் குறையுங்கள், செலவு மிச்சம். எண் ஏக்கருக்கா எக்டேருக்கா என்று முதலில் பாருங்கள். ஓர் எக்டேர் 2.47 ஏக்கர்.

சரி, உங்கள் வயலில் என்ன செய்யலாம்? ஒவ்வொரு முறையும் அதே பருவத்தில், அறுவடை முடிந்து உரம் போடும் முன் மண் எடுங்கள். வரப்பு, மர நிழல், எருக்குவியல் இருந்த இடம் வேண்டாம். பத்துப் பதினைந்து இடங்களில் 'வி' வடிவக் குழி வெட்டி, மேலிருந்து 15 சென்டிமீட்டர் வரை ஒரே கனத்தில் செதுக்கி எடுங்கள். போன முறை 15, இந்த முறை 25 என்று ஆழம் மாறினால் ஒப்பிடவே முடியாது. எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கி, அரைக் கிலோ வரும்வரை குறையுங்கள். நிழலில் உலர்த்துங்கள். உரச் சாக்கில் உலர்த்தவோ கட்டவோ வேண்டாம்.

அப்படியானால் 0.46 எப்படி 0.42 ஆனது? வேறு இடத்தில் தோண்டியிருக்கலாம், ஆழம் மாறியிருக்கலாம், ஆய்வகம் மாறியிருக்கலாம். மண் கெட்டுவிட்டதா என்று இரண்டு எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒரே முறையில் எடுத்த மூன்று நான்கு அட்டைகள் ஒரே திசையில் இறங்கினால், அப்போது கவலைப்பட்டுத் தொழு உரத்தையும் பசுந்தாள் உரத்தையும் கூட்டுங்கள்.

இன்னும் ஒன்று செய்யுங்கள். ரோதம்ஸ்டெட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டு மண்ணை உலர்த்திப் புட்டிகளில் மூடி வைத்தார்கள். அதை வைத்தே, அந்நாளில் யாரும் யோசித்திராத காட்மியத்தை (நஞ்சான ஓர் உலோகம்) ஒரு நூற்றாண்டு கழித்து அளக்க முடிந்தது. நீங்களும் ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடி உலர்ந்த மண்ணைப் புட்டியில் இட்டு, தேதி, இடம், ஆழம் எழுதி அட்டையோடு வையுங்கள். நாளை ஆய்வகமோ முறையோ மாறினால், பழைய மண்ணையும் புதிய மண்ணையும் ஒன்றாக அனுப்பிக் கேட்கலாம்.