கம்புக்கு முன் காலடி

எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன். அவன் யாரையாவது அடித்துவிட்டான் என்று வாரத்துக்கு இரண்டு புகாராவது வரும். சிலம்பப் பயிற்சிக்குப் பெயர் கேட்டபோது முதலில் கை தூக்கியவன் அவன்தான். "வெறுங்கையிலேயே இந்தப் பாடு, இதில் கம்பு வேறா?" என்று ஆசிரியர் அறையில் சிரித்தோம். பட்டியலில் அவன் பெயரை நான் எழுதவில்லை.

மறுநாள் மாலை வேப்பமரத்தடியில் நின்று வேடிக்கை பார்த்தவனைப் பயிற்றுநரே கூப்பிட்டு வரிசையில் நிறுத்திவிட்டார். ஊரே வாத்தியார் என்று அழைக்கும் பெரியவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கம்பு இப்போதைக்குக் கிடையாது டீச்சர். முதலில் நிற்கப் பழகட்டும்" என்றார்.

மூன்று வாரம் காலடி மட்டும்தான். முன்னே, பின்னே, பக்கவாட்டில், திரும்பி என்று அடிவைக்கும் முறை. சிலம்பத்தில் வீச்சின் வலு காலிலிருந்துதான் வருகிறது. கால் தவறினால் கம்பு தன் உடம்பிலேயே படும். வகுப்பில் பத்து நிமிடம் உட்காராதவன் இதை எப்படிப் பொறுத்துக்கொண்டான் என்று யோசித்தேன். வகுப்பில் அவன் தவறை நாற்பது பேர் முன்னால் நான் சொல்கிறேன். இங்கே அவன் கால் சொல்கிறது. அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

பிறகு நெற்றி உயரக் கம்பு வந்தது. இரு கைகளாலும் சுழற்றப் பழகினான். அடுத்து தொடுமுறை. எதிராளியைக் காயப்படுத்துவதற்கு இதில் புள்ளி இல்லை, கம்பால் தொடுவதற்குத்தான் புள்ளி. தொட வேண்டுமென்றால் வேகமாக வரும் கம்பைச் சரியான இடத்தில் நிறுத்தத் தெரிய வேண்டும். தன்மேல் கம்பு பட்டால் அதை ஒப்புக்கொண்டு, வணங்கி, மறுபடி ஆடவும் வேண்டும். யாராவது லேசாக இடித்தாலே அவமானமாக எடுத்துக்கொண்ட பிள்ளைக்கு இது பெரிய பயிற்சி.

இரண்டு மாதம் கழித்து, தண்ணீர்க் குழாயடியில் ஒருவன் அவனைத் தள்ளினான். இவன் கை உயர்ந்ததைப் பார்த்தேன். ஆனால் கால் ஓரடி பின்னே போனது, கை இறங்கிவிட்டது. அடியோடு மாறிவிட்டான் என்று சொல்லமாட்டேன். அரையாண்டுக்குள் ஒருமுறை அடித்தான். கணக்கு மதிப்பெண்ணும் கூடவில்லை.

ஆண்டுவிழா மேடைக்காக மட்டும் அவசரமாகச் சுற்றக் கற்றுக்கொடுத்தால் இந்தப் பலன் கிடைக்காது. நாங்களும் அந்தத் தவறைச் செய்தோம். மேடை சிறியது என்று நெருக்கமாக நிறுத்தி ஒத்திகை பார்த்ததில் ஒரு மாணவியின் புருவம் வீங்கிவிட்டது. அதன்பின் சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போடுகிறோம். கம்பும் நீட்டிய கையும் சேர்ந்த நீளம் ஒருவருக்கு. கம்பில் பிளவு இருக்கிறதா என்று தினமும் தடவிப் பார்க்கிறோம். இளைப்பு, வலிப்பு, பழைய எலும்பு முறிவு உண்டா என்று பெற்றோரிடம் முதலிலேயே கேட்டுவிடுகிறோம்.

"இதனால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றதைச் சொல்வேன். பாதிப் பேர் சமாதானமாவார்கள்.

மாணவியருக்கு ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் கீழ் தற்காப்புப் பயிற்சி தருகிறோம். சில மாதங்களில் யாரும் வீராங்கனையாகிவிட முடியாது. ஆனால் "தள்ளி நில்லு!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தச் சொல்லிக்கொடுத்த நாளில், வாய் திறக்காத ஒரு மாணவி என்னிடம் தனியாக வந்தாள். பேருந்தில் ஒருவன் தினமும் உரசிக்கொண்டு நிற்பதைச் சொன்னாள். தற்காப்பு கற்றுத் தந்துவிட்டோமே, அவளே பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட முடியுமா? அன்றே தலைமையாசிரியரிடம் சொல்லி, அவள் அம்மாவை வரவழைத்துப் பேசி, 1098-க்கு அழைத்தோம். இப்போது பயிற்சி முடிந்ததும் கால் மணி நேரம் மைதானத்திலேயே இருக்கிறேன். யாராவது ஒருத்தி கம்பை வைக்கும் சாக்கில் பேச வருகிறாள்.