உங்களுக்குத் தெரியுமா? மேடைக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று

● மதுரையில் பசுமலையைத் தாண்டித் திருப்பரங்குன்றம், திருமங்கலம் பக்கம் அம்மன் கோயில் பொங்கல் என்றால் ராத்திரி பத்து மணிக்கு மேல் ‘வள்ளி திருமணம்’ நாடகம் போடுவது வழக்கம். ‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்படும் இந்த வகைக்கு நிரந்தரக் குழுவே கிடையாது, தெரியுமா? ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் வேறெங்கிருந்தோ வந்து அன்றைக்கு மேடையில்தான் ஒன்று சேர்வார்கள். ஒத்திகை இல்லை, பொது உடுப்பும் இல்லை. ஜிகினா வைத்த சட்டை, கிரீடம், சவுரி, பாசிமாலை, பவுடர் டப்பா எல்லாம் அவரவர் பெட்டியில், அவரவர் செலவில். முருகனுக்கும் வள்ளிக்கும் நிறம் பொருந்தாமல் போனால் போகட்டும், ஆர்மோனியத்தோடு சுதி சேர்ந்தால் சரி என்பதுதான் சபையின் கட்சி.

● அந்த நடிகைகள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது பாருங்கள். சாதாரணப் புடவை, அடக்கமான கொண்டை; பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கு ‘கூத்துக்காரி’ என்று தோன்றவே கூடாது. மதுரையில் தங்கி இவர்களை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர், 2005இல் வெளிவந்த தம் நூலில் இந்தப் பயண சாமர்த்தியத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பளபளப்பான உடையைத் தேர்ந்தெடுக்க ரசனை போதும். பளபளப்பே இல்லாத உடையைத் தேர்ந்தெடுக்க ஊர்வாய் தெரிந்திருக்க வேண்டும்!

● மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுபவர்களின் சல்லடம், கச்சை, உருமால் எங்கே தைக்கப்பட்டு வந்தன? தலைமுறை தலைமுறையாகப் புதுமண்டபத்தில். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். கல்தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மெஷின்கள். வெல்வெட்டுத் துணி, ஓரத்தில் சரிகை நாடா, நடுவில் ஜிகினாப் பூ. பரதநாட்டிய உடுப்பும் பள்ளி ஆண்டுவிழா உடுப்பும் அங்கேயே கிடைத்தன. கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. மண்டபத்துக்கு நல்லதுதான். ஆனால் தூணில் இருக்கும் சிற்பத்தின் மாலையைக் காட்டி, “இது மாதிரி வேணும்ணே” என்று கேட்க இனி வழியில்லை.

● 1916இல் மதுரையில் வீணை ஷண்முகவடிவுக்குப் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் ஒரு நிறமே இருக்கிறது. காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் அவருக்கென்று நெய்து கொடுத்த பட்டின் நீலம், ‘எம்.எஸ். ப்ளூ’. இரண்டு பக்கமும் வைர மூக்குத்தி, தலையில் மல்லிகை, இந்த நீலம் என்று பார்த்துப் பழகியவர்களுக்கு இன்னொரு செய்தி: 1941இல் ‘சாவித்திரி’ படத்தில் அவர் ஆண் வேடம், அதுவும் நாரதர் வேடம் கட்டினார். அந்தச் சம்பளம் ‘கல்கி’ பத்திரிகை தொடங்க உதவியது.

● பாடகி கே.பி. சுந்தராம்பாள் போனது நேர் எதிர்த் திசையில். கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்தபின் வெள்ளைக் கதர்ப் புடவை, நெற்றி நிறைய விபூதி, அவ்வளவுதான். அந்தக் குரலுக்கு நகை எதற்கு?

● நாகஸ்வர வித்வான்கள் ஒரு காலத்தில் சட்டையில்லாமல், நின்றும் நடந்தும்தான் வாசிக்க வேண்டியிருந்தது. கிராப்பு வெட்டிக்கொண்டு, ஷெர்வானி மாட்டிக்கொண்டு, மேடையில் உட்கார்ந்தே வாசிப்பேன் என்று நின்றவர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). இதை ஆடம்பரம் என்று சொன்னவர்களுக்குக் காது கேட்டிருக்கும், கண் தெரிந்திருக்காது.

● 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கானாவும் பறையுமாக இறங்கியபோது எல்லோரும் போட்டிருந்தது சாம்பல் நிறக் கோட்டு சூட்டு. மரியாதையைக் கேட்டு வாங்கும் உடுப்பு என்ற வகையில் ராஜரத்தினத்தின் ஷெர்வானிக்கு அது தூரத்துச் சொந்தம்.

● வீணைக் கலைஞர்கள் கச்சேரியில் வளையலைக் குறைத்துக்கொள்வார்கள். மரத்தில் இடித்து அந்தச் சத்தமும் மைக்கில் ஏறும். புடவை கட்டும் வயலின்காரர்களுக்கு முந்தானை வழுக்கினால் தொல்லை. முந்தானையை மடித்து ஊசி குத்திவிட்டால்தான் வில் தடையில்லாமல் ஓடும். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தது போதாது, சம்மணம் போட்டு உட்கார்ந்தும் பார்க்க வேண்டும்.

● சரி, கேட்கப் போகிற நாம் என்ன உடுத்துவது? மதுரைக்காரர்களுக்குப் பதில் வீட்டிலேயே இருக்கிறது: சுங்குடி. நூலால் ஒவ்வொரு புள்ளியாக முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவது சௌராஷ்டிர மக்களின் கைத்தொழில். 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது.  புழுக்கமான மண்டபத்தில் பட்டு கட்டியவர் விசிறிக்கொண்டிருக்க, சுங்குடி கட்டியவர் தனி ஆவர்த்தனம் முடியும்வரை நகரமாட்டார். கூடவே மதுரை மல்லிகை வாங்குவதென்றால் சாயங்காலம் மொட்டாகவே வாங்குங்கள், கச்சேரி நடக்கும்போதே விரியும். அதற்கும் 2013இல் புவிசார் குறியீடு உண்டு.

சுங்குடி வாங்கும்போது கடையில் ஏமாறாமல் இருக்க ஒரு வழி: புள்ளிகள் எல்லாம் அச்சடித்தாற்போல் ஒரே அளவில் இருந்தால் அது அச்சடித்ததேதான். கையால் முடிந்தது கொஞ்சம் கோணலாக, நடுவில் சாயப் பொட்டோடு இருக்கும். விலையும் கூடத்தான் சொல்வார்கள்.