400 குதிரை, 40 கி.மீ. வேகம்

2002-ல் சச்சின் டெண்டுல்கருக்குப் பரிசாகக் கிடைத்த ஃபெராரி 360 மொடினா, 400 குதிரைத்திறன் கொண்டது. மணிக்கு 290 கி.மீ.க்கு மேல் பறக்கக்கூடியது. ஆனால் மும்பை-புனே விரைவுச் சாலையிலேயே, சமதளத்தில் கார்களுக்கு உச்சவரம்பு 100 கி.மீ.தான். நகருக்குள் வேகத்தடை வந்துவிட்டால், தரையை ஒட்டியிருக்கும் வண்டியின் அடிப்பாகம் உரசாமல் குறுக்காக ஊர்ந்து ஏற வேண்டும். உரசினால், செலவு லட்சங்களில்.

பிறகு ஏன் வாங்குகிறார்கள்? பறந்தால் யார் கண்ணிலும் படாது. ஊர்ந்தால்தான் மரைன் டிரைவே திரும்பிப் பார்க்கும். காருக்குக் கொடுத்த விலையில் பாதி அந்தப் பார்வைக்குத்தான்.

பந்தயம் ஓட்டுவதற்கென்று கிரேட்டர் நொய்டாவில் 2011-ல் தனித் தடமே திறக்கப்பட்டது. நகரச் சாலையோ நடந்து கடப்பவர்களுக்கும் சொந்தம். பகட்டுக்காகவே மெதுவாக ஓட்டினாலும், பாதசாரிக்கு லாபம்தான்.