வளைவு வேறு, வடிவம் வேறு

‘பிரபஞ்சம் தட்டையானதுதான்’ என்று அவ்வப்போது செய்தி வருகிறது. வானியலாளர்கள் தகடு எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. முப்பரிமாண வெளியில் எத்தனை பெரிய முக்கோணம் போட்டாலும் கோணங்களின் கூடுதல் 180 பாகையைவிட்டு நகரவில்லை என்பதுதான் அவர்கள் சொல்வது. இது வளைவைப் பற்றிய சேதி. மொத்த வடிவத்தைப் பற்றியதல்ல. சென்னையில் லூப் ரோட்டை ஒட்டி நொச்சிக்குப்பம் மணலில் விரித்துப்போட்ட வலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் குழாயாகச் சுருட்டினால் ஒரு கண்கூடக் கோணாது. மேலே ஊரும் எறும்பு எந்த முக்கோணத்தை அளந்தாலும் தட்டை என்றே சொல்லும். நேராகப் போய்ப் புறப்பட்ட முடிச்சுக்கே வந்து சேர்ந்தால்தான் அதற்குச் சந்தேகம் தட்டும். அதே வலையை உருண்டை மிதவைமேல் போர்த்தினால் கண்கள் கோணிக்கொள்ளும். நைலான் சற்று விட்டுக்கொடுக்கும், வெளி கொடுக்காது. ஆகவே உவமையை இதற்குமேல் இழுக்க வேண்டாம்.

பெரிய முக்கோணத்தை அளக்க முதலில் ஓர் அடிக்கோடு வேண்டும். 1802-ல் பரங்கிமலைப் பக்கம் நில அளவையாளர் லாம்டன் சங்கிலி பிடித்து அளந்த சுமார் 12 கி.மீ. அடிக்கோட்டுக்கும் வேலை இதுதான்: ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்றதெல்லாம் கணக்கு. பிரபஞ்ச முக்கோணத்துக்கு அடிக்கோடு எங்கே கிடைக்கும்? இங்கேதான் இயற்கையின் கெட்டிக்காரத்தனம். முதல் 3,80,000 ஆண்டுகள் வெளியெங்கும் கொதித்த பிளாஸ்மாவில் ஒலி அலைகள் ஓடின. அணுக்கள் உருவாகி ஒளி விடுபட்டதும் அந்த ஓட்டம் நின்றது. அதுவரை ஒலி எட்டிய தூரத்தைக் கணக்கிட முடியும்; அதுவே நம் அடிக்கோடு. அன்று விடுபட்ட ஒளியான நுண்ணலைப் பின்னணியில் சூடு, குளிர்த் திட்டுகளாக அது இன்றும் பதிந்திருக்கிறது. வெளி உருண்டையாக வளைந்திருந்தால் திட்டுகள் பெருத்துத் தெரியும், எதிர்ப்பக்கம் வளைந்திருந்தால் சிறுத்துத் தெரியும், தட்டையென்றால் ஏறத்தாழ ஒரு பாகை. 1998-ல் அண்டார்க்டிகா வானில் பறந்த பூமராங் பலூன் கண்டது அந்த ஒரு பாகையைத்தான். பிளாங்க் செயற்கைக்கோளின் 2018 முடிவு, விண்மீன் மண்டலங்களின் பரவலையும் சேர்த்து, வளைவின் பங்கு 0.0007 என்கிறது, பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 0.0019. பூச்சியம் இதற்குள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது.

பிளாங்க் நுண்ணலைத் தரவை மட்டும் வைத்து, பிரபஞ்சம் மூடியது, அண்டவியலுக்கே நெருக்கடி என்று 2019-ல் மூவர் எழுதினார்கள். ஆனால் விண்மீன் மண்டலத் தரவைச் சேர்த்ததும் அந்த வளைவு காணாமல் போகிறது. ஒரு தரவில் தலைகாட்டி அடுத்ததில் ஒளியும் வளைவை நம்பக் கொஞ்சம் பொறுக்கலாம். சரி, தட்டை என்றால் முடிவற்றது என்று ஆகிவிடாதா? ஆகாது. வளைவே இல்லாமல் முப்பரிமாண வெளியும் தன்னிலேயே வந்து இணையலாம். அந்தச் சுற்று போதிய அளவு சிறியதென்றால், நுண்ணலை வானில் வெவ்வேறு திசைகளில் ஒரே வெப்ப வரிசையுள்ள வட்டங்கள் இரட்டையாகத் தெரியவேண்டும். தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. சுற்று அதைவிடப் பெரிதென்றால் இந்தத் தேடலில் அது சிக்காது.